வேனில் கேஸ்: அலாரம் வாங்கியாச்சு, போதாதா?

கேள்வி: ஜே.பி. நகர் பயணி, 5 ஜனவரி 2025, மாலை 6.15

பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி கேரவனாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். பெங்களூர் பீன்யாவில் ஒரு பட்டறையில் வேலை நடக்கிறது. பின்பக்க பெஞ்சுக்கு அடியில் 5 கிலோ சிலிண்டர், பக்கத்திலேயே பேட்டரியும் இன்வெர்ட்டரும். மேல்தட்டில் இரண்டு பர்னர் அடுப்பு, எங்கள் ஃபிளாட்டில் இருந்ததையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் மாட்டியிருந்த மாதிரியே கூரைக்குப் பக்கத்தில் கேஸ் அலாரம். காலம் காலமாக கேஸ் வைத்துப் புழங்குகிறவர்கள்தானே நாம்? அலாரம் இருந்தால் போதும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: 5 ஜனவரி 2025, இரவு 9.50

இருக்கிறது. நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் இடிக்கிறது.

உங்கள் ஃபிளாட்டில் வருவது குழாய் கேஸ், அதாவது மீத்தேன். காற்றைவிட லேசு, மேலே போகும், அதனால்தான் அலாரம் கூரைக்குப் பக்கத்தில். சிலிண்டரில் இருப்பது புரொபேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. புரொபேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தண்ணீர் மாதிரி வழிந்து தரையில் தேங்கும், பள்ளம் பார்த்து இறங்கும். உங்கள் அலாரத்துக்குச் சேதி போவதற்குள் வேறு யாராவது தீக்குச்சி கிழித்திருப்பார்கள்.

சிலிண்டருக்குப் பக்கத்தில் பேட்டரி, இன்வெர்ட்டர்: உள்ளே ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) தட்டும்போதெல்லாம் பொறி பறக்கும். கசிவும் பொறியும் ஒரே பெட்டிக்குள். இதை வரைந்து கொடுத்தது பட்டறைக்காரரா நீங்களா?

அடுப்பு பற்றி நாளை. இப்போதைக்கு அந்த பெஞ்சை மூடி ஸ்க்ரூ போட விடாதீர்கள்.

6 ஜனவரி 2025, காலை 7.20

அடுப்பு. குழாய் கேஸ் அடுப்பில் ஜெட்டின், அதாவது பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சும் முனையின், துளை பெரிது. மீத்தேனில் வெப்பம் குறைவு, அழுத்தமும் சுமார் 21 மில்லிபார்தான், எனவே நிறைய கேஸ் விட வேண்டியிருக்கும். வீட்டு எல்பிஜி ரெகுலேட்டர் கொடுப்பது சுமார் 30 மில்லிபார். அந்தப் பெரிய துளையில் இந்த கேஸைவிட்டால் பாத்திரத்தைத் தாண்டி மஞ்சள் சுடர் எழும்பும், கரி படியும், கார்பன் மோனாக்சைடும் வரும். குழாய் கேஸுக்கு மாறிய அன்று மெக்கானிக் வந்து ஜெட்டை மாற்றியிருப்பார், நினைவிருக்கிறதா? இப்போது திரும்ப மாற்றச் சொல்லுங்கள். ஊசியால் குத்தி, ஈயம் வைத்து அடைத்து என்று சொந்த வைத்தியம் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர் வீட்டு அடுப்புகள் பெரும்பாலானவற்றில் சுடர் அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் அமைப்பு கிடையாது. ஐரோப்பிய கேரவன் அடுப்புகளில் ஒவ்வொரு பர்னருக்கும் சுடரின் சூட்டை உணரும் தெர்மோகப்பிள் ஒன்று இருக்கும். சுடர் போய் அது குளிர்ந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். வேனில் பால் பொங்கி அணைவதைவிட, கதவு திறந்து காற்று அடித்து அணைவதுதான் அதிகம். அந்த அமைப்புள்ள அடுப்பு இங்கேயும் கிடைக்கிறது, விலை கூடுதல். அலாரத்துக்குச் செலவழித்த மனசு இதற்கும் வரட்டும்.

6 ஜனவரி 2025, மதியம் 1.05

ராமமூர்த்தி நகர் தம்பி கேட்கிறார்: "அக்கா, இவ்வளவு பயமுறுத்தலாமா? வெடிக்க எவ்வளவு கேஸ் வேண்டும்?"

தோராயக் கணக்கு போடுவோம். காற்றில் எல்பிஜி சுமார் 2 சதவீதத்தில் இருந்து 9 சதவீதம் வரை இருந்தால் பற்றும். டிராவலர் தரை 6 சதுர மீட்டர் என்று வையுங்கள். கசிந்தது தரையோடு 10 செ.மீ. உயரத்துக்குத் தேங்கினால் 600 லிட்டர் காற்று. அதில் 2 சதவீதம் 12 லிட்டர் கேஸ். எடை ஏறத்தாழ 25 கிராம். ஒரு பர்னர் முழுசாகத் திறந்தால் மணிக்கு 100 கிராமுக்கு மேல் போகும். பற்ற வைக்காமல் திறந்துகிடக்கும் நாப் ஒன்று கால் மணி நேரத்தில் இந்த வேலையை முடித்துவிடும்.

வீட்டு சமையலறையில் இதே 25 கிராம் கதவிடுக்கு, பால்கனி, ஹால் என்று கலைந்து போகும். வேனில் கலைய இடமில்லை.

6 ஜனவரி 2025, இரவு 11.10

சரி, பெட்டிக்கு வருகிறேன். இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

சிலிண்டருக்குத் தனிப் பெட்டி. வண்டியின் உட்புறத்துக்கும் அதற்கும் இடையே ஒரு ஊசி இடுக்குகூட இருக்கக்கூடாது. தகடு மடிப்பெல்லாம் சீலன்ட், குழாய் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் (குரோமெட்), அதன்மேலும் சீலன்ட். பெட்டியின் கதவு வெளிப்பக்கம் மட்டும். பெஞ்சைத் தூக்கி உள்ளிருந்து சிலிண்டர் மாற்றுகிற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். பெட்டியின் அடியில், ஆகத் தாழ்ந்த இடத்தில், நேராக ரோட்டைப் பார்த்து ஓட்டை. ஐரோப்பியத் தரம் கேட்பது பெட்டித் தரைப்பரப்பில் 2 சதவீதம், குறைந்தபட்சம் 100 சதுர செ.மீ. திறப்பு.

பட்டறைக்காரர் "நாலு இஞ்ச் பிவிசி போட்டுடலாம்" என்பார். உள்விட்டத்தைக் கணக்குப் பார்த்தால் 85 சதுர செ.மீ. பக்கம்தான் வரும். எலி, குளவி வராமல் வலை போட்டால் அதிலும் குறையும். இரண்டு போடச் சொல்லுங்கள். இரண்டாவது ஓட்டைக்கு யாரும் பில் போடமாட்டார்கள்.

எங்கள் வண்டியை முதலில் செய்த ஃபேப்ரிகேட்டர் ஓட்டை போட்டார், பிறகு மழைத் தண்ணீர் ஏறும் என்று அவரே மேட் ஒட்டி அடைத்தும் கொடுத்தார். கேட்டால் "ஃபினிஷிங் மேடம்" என்றார்.

8 ஜனவரி 2025, காலை 6.45

நேற்று ஒயிட்ஃபீல்டு வாசகர் ஒருவர் நல்ல அடி அடித்திருக்கிறார்: "தரையில் ஓட்டை போடு என்கிறீர்கள். போன மாதம் வடகரையில் இரண்டு பேர் செத்ததே தரை ஓட்டையால்தானே?"

நியாயமான கேள்வி, சும்மா கடந்து போக முடியாது. செய்தி படிக்காதவர்களுக்கு: 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு, வண்டித் தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது என்று காலிகட் என்ஐடி குழு சோதித்துச் சொல்லியிருக்கிறது. சிலிண்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான் முந்தாநாள் எழுதியதை இன்னும் இறுக்கிச் சொல்ல வேண்டும். ஓட்டை பெட்டிக்கு. ஆள் படுக்கும் இடத்துக்கு அல்ல. ஒயரிங், தண்ணீர்க் குழாய், பழைய சீட் போல்ட் என்று தரையில் இருக்கும் மற்ற எல்லாத் துளைகளையும் அடைக்க வேண்டும், அதுவும் கேஸ் வேலையில்தான் சேர்த்தி. பெட்டி ஓட்டையையும் சைலன்சர் முனை, ஜெனரேட்டர் வாய் இவற்றில் இருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். கீழே இறங்கும் கேஸுக்கு அந்தப் பக்கம் நெருப்பு காத்திருக்கக் கூடாது.

டிராவலரின் பழைய சீட் போல்ட் துளைகளை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு பட்டாளமே இருக்கும்.

8 ஜனவரி 2025, காலை 7.00

விட்டுப்போனது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எல்பிஜியில் நாற்றத்துக்கென்றே மெர்காப்டன் கலந்திருப்பதால் மூக்கு காட்டிக்கொடுக்கும், இதற்கு மூக்கு உதவாது. ஆக அலாரம் இரண்டு வேண்டும். எல்பிஜிக்கு ஒன்று, தரையோடு ஒட்டி. கார்பன் மோனாக்சைடுக்கு ஒன்று, படுத்தால் முகம் இருக்கும் உயரத்தில். வண்டிகளுக்கென்று சோதிக்கப்பட்டவை என்றால் அலாரம் வரும் அட்டைப்பெட்டியில் முறையே ஈஎன் 50194-2, ஈஎன் 50291-2 என்று ஐரோப்பியத் தர எண் போட்டிருக்கும்.

11 ஜனவரி 2025, இரவு 10.30

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் எம்க்யூ-6 என்ற கேஸ் சென்சார் வாங்கி அலாரம் தானே செய்துவிட்டதாக ஒருவர் படத்தோடு போட்டிருக்கிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் எஸ்.பி. ரோடு இருக்கும்வரை யாரும் எதையும் முழுசாக வாங்கப்போவதில்லை.

விளையாட்டுக்குச் சரி. உயிருக்கு அதை நம்ப மாட்டேன். அந்தச் சென்சாருக்குள் சூடேற்றி ஒன்று எப்போதும் எரிய வேண்டும், வாட் கணக்கில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. பேட்டரி இறங்கினால் முதலில் சாவது இதுதான். புதிதாக வாங்கியதை ஒரு நாளாவது சூடேற்றாமல் அளவு காட்டாது. எத்தனை சதவீதத்தில் கத்த வேண்டும் என்று சரிபார்க்க, அளவறிந்த கேஸ் கலவை வேண்டும், லைட்டரைச் சென்சாருக்கு நேரே நீட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. கடை அலாரமும் கொசு ஸ்ப்ரே, சென்ட், சானிடைசருக்கெல்லாம் கத்தும்தான். கத்துகிறதே என்று வயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்குகிறவர்களை எனக்குத் தெரியும். சென்சாருக்கு ஆயுள் உண்டு. பின்னால் தேதி அச்சிட்டிருப்பார்கள், அதற்குமேல் அது வெறும் பச்சை விளக்கு.

12 ஜனவரி 2025, மாலை 4.00

வீட்டில் நானும் மச்சானும் (என் தங்கை வீட்டுக்காரர், கேஸ் விஷயத்தில் எனக்கு நேரெதிர்க் கட்சி) இதையே பேசிக்கொண்டிருந்தோம். "அலாரமே வேண்டாம்ங்கறியா?" என்றார். அப்படி இல்லை. அலாரம் வாய், பெட்டி உடம்பு. உடம்பு சரியில்லாதபோது வாய் கத்தி என்ன பயன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மாமியார் மட்டும், "ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு அடுப்பைப் பத்த வைங்க, காபி வேணும்" என்றார்.

14 ஜனவரி 2025, மதியம் 2.15

பொங்கல். வீட்டு அடுப்பில்தான். வாழ்த்து சொன்ன எல்லோருக்கும் சேர்த்து ஒன்று.

ஹோஸ் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா ஹோஸ், உள்ளே கம்பி வலையோடு வருவது, அதையே வாங்குங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வேன் வெயிலில் வெந்து ஓசூர் ரோட்டில் குலுங்கும் சாமான், நான் இரண்டு மூன்று வருடத்திலேயே மாற்றிவிடுவேன். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் கூடாது. அலமாரிக்குப் பின்னால் மூன்று மீட்டர் ஹோஸை ஒளித்துக்கொண்டு போவதுதான் பட்டறைகளின் பொது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத ஹோஸ் இருக்கவே கூடாது. தூரம் அதிகமென்றால் செம்புக் குழாய், சரியான இடைவெளியில் கிளாம்ப் போட்டு, இரு முனையிலும் மட்டும் ஹோஸ். ஃபிளேர் இணைப்பில் (குழாய் முனையை விரித்து நட்டால் இறுக்குவது) டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அங்கே உலோகமும் உலோகமும்தான் அடைக்கும். டேப் சுற்றினால் அது சரியாக உட்காராது.

ரெகுலேட்டர்: சாதாரண வீட்டு ரெகுலேட்டர். பிரியாணி பர்னருக்கு விற்கும் சிவப்புத் திருகு வைத்த ஹை பிரஷர் ரெகுலேட்டரை ஒருவர் "சீக்கிரம் கொதிக்குது" என்று வேனில் மாட்டியிருக்கிறார். தயவுசெய்து இன்றே கழற்றுங்கள். ஹோஸ், அடுப்பு வால்வு எதுவும் அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல.

சிலிண்டர் வரும்போது கழுத்துத் தகட்டில் எழுத்தும் எண்ணும் பாருங்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்தில் வருடம். சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய கெடு அது. தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். வால்வுக்குள் கறுப்பு ஓ-ரிங் இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். ரெகுலேட்டர் மாட்டியதும் வரும் கசிவுக்கு முக்கால்வாசிக் காரணம் அந்த ரப்பர் வளையம்.

18 ஜனவரி 2025, இரவு 9.15

அமெரிக்காவில் இருந்து திரும்பிய ஒயிட்ஃபீல்டு வாசகர், அங்கே மோட்டார்ஹோமில் வைத்திருந்த 20 பவுண்டு புரொபேன் சிலிண்டரைக் கப்பலில் கொண்டுவரலாமா என்று கேட்கிறார். அதில் மிதவை வால்வு இருக்கிறது, 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பாது, நம் ஊர் சிலிண்டரைவிட மேல் என்பது வாதம்.

வால்வு நல்ல விஷயம்தான். 2002இல் இருந்து அங்கே அந்த அளவுச் சிலிண்டர்களுக்குக் கட்டாயம். ஆனால் அங்கே அது ஏன் வந்தது? சிலிண்டரை வீட்டுக்காரரே பங்க்கில் கொண்டுபோய் நிரப்புகிறார், கை தவறி அதிகம் நிரம்பிவிடும். இங்கே நிரப்புவது பாட்லிங் பிளான்ட், எடை பார்த்து. 14.2 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். 14.2 கிலோ திரவம் சுமார் 26 லிட்டர். முக்கால் பங்குக்குச் சற்று மேல். மீதி இடம் வெயிலில் திரவம் விரிய. அதே பாதுகாப்பு, வேறு வழியில்.

இங்கே கொண்டுவந்தால் முறையாக யார் நிரப்புவார்கள்? வெளிநாட்டுச் சிலிண்டருக்கு வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும், எந்த ஏஜென்சியும் தொடமாட்டார்கள். அப்புறம் சந்துக்குள் பெரிய சிலிண்டரைத் தலைகீழாகத் தூக்கிவைத்து நிரப்பிக் கொடுக்கும் கடைதான் மிச்சம். அங்கே எடையும் இல்லை, முக்கால் பங்கும் இல்லை. கழுத்துவரை திரவம். நண்பகலில் வண்டி சூடானால் விரிய இடம் இல்லாத திரவம் சிலிண்டரையே கிழிக்கும். அடுப்புக்கும் ஹோஸுக்கும் வரும் ஆபத்தைவிட இது பெரிது.

5 கிலோ சிலிண்டர் பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கிறது, முகவரிச் சான்று கேட்பதில்லை, ஊர் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். 2021இல் வந்த, இழையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த காம்போசிட் சிலிண்டரில் 5, 10 கிலோ உண்டு, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எவ்வளவு என்று தெரியும், துருப்பிடிக்காது. கப்பல் செலவு மிச்சம்.

19 ஜனவரி 2025, காலை 8.30

இதன் தொடர்ச்சியாகவே இன்னொரு யோசனை வந்திருக்கிறது. பச்சை ஆட்டோக்கள் ஓடும் ஆட்டோ எல்பிஜி டேங்க்கை வண்டிக்கடியில் போட்டு, பங்க்கில் நிரப்பி, அதில் இருந்து அடுப்புக்கு லைன் எடுத்தால் என்ன?

வேண்டாம். ஆட்டோவுக்கான டேங்க் அடியில் இருந்து திரவத்தை எடுத்து அனுப்பும். எஞ்சின் பக்கம் இருக்கும் கருவி அதைச் சூடாக்கி ஆவியாக்கும். அடுப்புக்கு வேண்டியது மேலே இருக்கும் ஆவி. திரவம் அடுப்பு லைனில் வந்தால் ஒரு லிட்டர் 200 லிட்டருக்கு மேல் கேஸாக விரியும். ஐரோப்பாவில் கேரவனுக்கென்றே ஆவி எடுக்கும் டேங்க் தனியாக விற்கிறார்கள், உருவம் ஒரே மாதிரி இருக்கும். உருவத்தைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

25 ஜனவரி 2025, இரவு 8.00

ஊட்டிக்குப் போய்விட்டு வந்தேன், அதனால்தான் சத்தமில்லை. காலையில் சுடர் சோம்பிக் கிடந்தது. சிலிண்டர் கடைசிக் கட்டத்தில் இருந்தது. பியூட்டேன் கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் அரை டிகிரி, புரொபேனுக்கு மைனஸ் 42. கலவையில் புரொபேன்தான் முந்திக்கொண்டு ஆவியாகும், அடியில் மிஞ்சுவதில் பியூட்டேன் அதிகம். விடியற்காலைக் குளிருக்கு அது எழுந்து வராது. கை பொறுக்கும் வெதுவெதுப்பில் ஒரு பேசின் தண்ணீர், அதில் சிலிண்டரை நிற்க வைத்தால் போதும். கொதிநீர் ஊற்றுவது, பக்கத்தில் நெருப்பு காட்டுவது, டிரையர் அடிப்பது எல்லாம் வேண்டாம்.

மாமியாரின் காபி அரை மணி நேரம் தாமதம். ஊட்டி பயணம் முழுக்க அதுதான் பேச்சு.

பக்கத்தில் நின்ற வண்டியில் அடுப்பைச் சிம்மில் வைத்துக் கதகதப்புக்கு விட்டுவிட்டுக் கண்ணாடி ஏற்றித் தூங்கத் தயாரானார்கள். தட்டி எழுப்பிச் சொன்னேன். முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். அடுப்பு ஆக்சிஜனைத் தின்னும், காற்று குறையக் குறைய சுடர் மஞ்சளாகும், வடகரையில் ஜெனரேட்டர் செய்ததை இது செய்யும். சமைக்கும்போதும் ஒரு ஜன்னலும் கூரை வென்ட்டும் திறந்திருக்கட்டும்.

2 பிப்ரவரி 2025, மாலை 5.40

கசிவு பார்ப்பது எப்படி என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். சோப்புத் தண்ணீர் எல்லோருக்கும் தெரியும், எந்த இணைப்பு என்று சந்தேகம் வந்த பிறகு அது நல்லது. மொத்த லைனும் இறுக்கமா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது, செலவு அநேகமாக ஒன்றுமில்லை.

நம் ரெகுலேட்டரின் மேல் சதுர செ.மீ.க்கு 30 கிராம் என்று பொறித்திருக்கும். 30 கிராம் என்றால் சரியாக 30 செ.மீ. தண்ணீர் மட்டம். அதாவது ஒரு ஸ்கேலும் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூப்பும் இருந்தால் அழுத்தமானி தயார். டியூப்பை யு வடிவில் பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர். அடுப்புக்கு அருகில் லைனில் ஒரு டி-இணைப்பும் மூடியும் முதலிலேயே போடச் சொல்லிவிடுங்கள். மூடியைக் கழற்றி டியூப்பின் ஒரு முனையை அங்கே செருகுங்கள். கதவெல்லாம் திறந்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல்.

அடுப்பு நாப்கள் மூடியிருக்க, ரெகுலேட்டரைத் திறந்தால் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டங்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் அழுத்தம், 30ஐச் சுற்றி நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் அளந்து "15தான் வருது, ரெகுலேட்டர் போச்சு" என்று கடைக்கு ஓடாதீர்கள். இப்போது ரெகுலேட்டரை மூடுங்கள். சில நிமிடம் மட்டம் அசையாமல் நிற்க வேண்டும். அமெரிக்க மோட்டார்ஹோம்களில் அழுத்தத்தை 8 அங்குல மட்டத்துக்கு இறக்கிவைத்து 3 நிமிடம் பார்ப்பார்கள், அவர்களுடைய வழக்கமான அழுத்தம் 11 அங்குலம், நம்முடையதற்குக் கிட்டத்தட்ட அதுவேதான்.

இறங்கினால் எங்கோ கசிகிறது, இனி சோப்புத் தண்ணீர். நிற்கிறது என்றால் ஒரு பர்னரைப் பற்ற வைத்து மட்டத்தைப் பாருங்கள், கொஞ்சம் தாழும். படுத்தே போனால் ஹோஸ் எங்கோ மடிந்திருக்கிறது, அல்லது ரெகுலேட்டர் சோர்ந்துவிட்டது.

2 பிப்ரவரி 2025, இரவு 9.20

வெயிலில் செய்து பார்த்த ராமமூர்த்தி நகர் தம்பி, "அக்கா, மட்டம் இறங்கவில்லை, ஏறுகிறது, என் வண்டி கேஸ் உற்பத்தி செய்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்.

பெங்களூர் உயரத்தில் காற்றழுத்தத்தோடு சேர்த்துக் குழாய்க்குள் இருப்பது 960 செ.மீ. தண்ணீர் அளவு. வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் அதில் முந்நூற்றில் ஒரு பங்கு, அதாவது 3 செ.மீ. ஏறும். மேகம் மறைத்தால் இறங்கும். நிழலில், காலை அல்லது சாயங்காலம், குழாயைக் கையால் தொடாமல் செய்யுங்கள். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நாளைக்குள் பாதிப் பேர் செம்புக் குழாயைப் பிரித்துப் போட்டிருப்பீர்கள்.

9 பிப்ரவரி 2025, காலை 10.10

மச்சான் கட்சி சார்பில் கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு, இன்டக்‌ஷன் போட்டால் முடிந்ததே?

நானும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் சாய்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் கணக்கு இப்படி. ஒரு கிலோ எல்பிஜியில் 12 யூனிட்டுக்கு மேல் வெப்பம். 5 கிலோவுக்கு 60 யூனிட், அடுப்பில் வீணாவது போக 40 யூனிட் பாத்திரத்துக்குப் போகும் என்று வையுங்கள். 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பதே இரண்டரை யூனிட். 2 கிலோவாட் இன்டக்‌ஷன் 12 வோல்ட்டில் 170 ஆம்பியரை இழுக்கும், கட்டைவிரல் கனத்துக்கு வயர் வேண்டும், அந்த இணைப்பு தளர்ந்தால் அங்கேயும் நெருப்புதான். காபி, நூடுல்ஸ், முட்டை என்று போகிறவர்களுக்கு இன்டக்‌ஷன் தாராளமாகப் போதும். சாம்பார் வைத்து, குழம்பு வைத்து, பத்து நாள் கரண்ட் இல்லாத இடத்தில் சுற்றுகிற குடும்பத்துக்கு கேஸை விட வழியில்லை, இப்போதைக்கு.

9 பிப்ரவரி 2025, காலை 10.25

ஓடும்போது சமைக்கலாமா என்ற கேள்வியை நீக்கச் சொல்லிக் கேட்கவில்லை, ஆனால் பதில் சொல்லவும் மனசில்லை. 2023 ஆகஸ்ட் 26, மதுரை. லக்னோவில் இருந்து வந்த சுற்றுலா ரயில் பெட்டி யார்டில் நின்றுகொண்டிருந்தது, திருட்டுத்தனமாக ஏற்றிய சிலிண்டரில் டீ போடப் பற்ற வைத்தார்கள், ஒன்பது பேர் போனார்கள். அது நின்றுகொண்டிருந்த பெட்டி. ஓடும்போது அடுப்பு நாப் மட்டும் அல்ல, ரெகுலேட்டரும் மூடியிருக்க வேண்டும். பங்க்குக்குள் நுழையும்போதும் அப்படியே. ஐரோப்பிய வண்டிகளில் ஓடும்போது ஹீட்டர் எரியலாம் என்றால் அங்கே மோதலை உணர்ந்து கேஸை அடைக்கும் ரெகுலேட்டர் இருக்கிறது. உங்களிடம் இருக்கிறதா?

23 பிப்ரவரி 2025, மாலை 6.00

பல வாரம் நிறுத்திவைத்த வண்டியை எடுத்தால்: பர்னர் கிண்ணத்தைக் கழற்றி ஊதுங்கள், பெட்டி ஓட்டையில் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவிக்கூடு, சிலந்திவலை. சுடர் மஞ்சளாக ஆடினால் பாதி நேரம் காரணம் காற்றுத் துளையில் குடியிருப்பவர்தான். ஹோஸின் இரு முனையையும் மடக்கிப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு அங்கேதான் முதலில் வரும்.

தீயணைப்பான் கதவுப் பக்கம். அடுப்புக்குப் பின்னால் மாட்டியவர்கள் படம் போட வேண்டாம், தீயைத் தாண்டிப் போய் எடுப்பீர்களா?

கசிவு என்றால் 1906, நாடு முழுக்க. வண்டியைவிட்டு இறங்கித் தள்ளிப்போய்ப் பேசுங்கள்.

ஆர்டிஓ பற்றி: வண்டியின் அமைப்பை மாற்றினால் பதிவுச் சான்றில் ஏற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. கேரவன்களுக்கென்று ஏஐஎஸ்-124 என்று தனித் தரமும் இருக்கிறது. பட்டறைக்காரர் "எல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றால் காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.

2 மார்ச் 2025, இரவு 7.45

ஜே.பி. நகர் பயணி படம் அனுப்பியிருக்கிறார். பேட்டரி எதிர்ப்பக்கம் போய்விட்டது, பெட்டிக்கு வெளிக்கதவு, அடியில் இரண்டு ஓட்டை, அலாரம் தரைக்கு இறங்கியிருக்கிறது. அடுப்புக்கு ஜெட்டும் மாற்றியாயிற்றாம். நல்லது. ஒரே ஒரு சிக்கல், பெஞ்சின் உயரம் போதவில்லை, சிலிண்டரைப் படுக்க வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

கூடாது. படுக்க வைத்தால் வால்வு வாயில் திரவம் வந்து நிற்கும், அடுப்புக்கு ஆவிக்குப் பதில் அது போகும், ஆட்டோ டேங்க்கில் சொன்ன அதே கதை. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், பட்டை போட்டுக் கட்டியிருக்க வேண்டும். பெஞ்சை உயர்த்துங்கள். உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது, ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள்.